அலுமாரிக்கு மேல கிடக்கிற டெக்



போன கிழமை ராத்தாவின் கலியாணக் கசட்டைப் பார்க்க ஆசைப்பட்டு அலுமாரிக்கு மேல கிடந்த டெக்கை இறக்கினேன். லைட் எரிந்தது. எல்லாருக்கும் சந்தோசம். பத்து செக்கன் போகவில்லை, டேப்பை உள்ளே இழுத்துக் கசக்கிப் போட்டது. 1993இல் எடுத்த கசட். மவுத்தான வாப்பா நடந்து பேசுவதைப் பார்க்க எங்களுக்கு இருப்பது அது ஒன்றுதான்.

"பழைய டெக் இரும்பு மாதிரி சேர், ஒண்டும் ஆகாது" என்பவர்களோடு எனக்கு இனி உடன்பாடில்லை. ஆரம்பத்தில் வந்தவை பாரமானவை, அலுமினியச் சட்டம் போட்டவை, பிந்தி வந்த பிளாஸ்டிக் சாமான்களைவிட நின்று பிடிக்கும். சரிதான். ஆனால் டேப்பை ஓட்டுவது றப்பர். பாவிக்காமல் வைத்தாலும் பெல்ட் இளகும், ரோலர் இறுகி வழுக்கும். சுருட்டுகிற பக்கம் வழுக்கினால் டேப் உள்ளே குவியத்தானே செய்யும்?

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. எங்கட ஈரக் காற்றுக்குக் கசட்டில் பூஞ்சணம் பிடிக்கும். கண்ணாடி வழியாகப் பாருங்கள், சுருளின் ஓரத்தில் வெள்ளைத் தூள் தெரிந்தால் டெக்கில் போடவே வேண்டாம். நிமிடத்துக்கு 1500 தரம் சுழலும் ஹெட்டில் அது ஒட்டி, அடுத்த கசட்டுக்கும் போகும். ஹெட்டைப் பஞ்சால் துடைக்கவும் கூடாது, நூல் சிக்கும்.

குருக்கள்மடத்தில் ஓர் அண்ணன் இன்னும் டெக் திருத்துகிறார். கசங்கிய துண்டை வெட்டி ஒட்டி, ஒட்டிய இடம் ஹெட்டில் படாமல் கையால் சுற்றித் தாண்டவிட்டு, பிறகுதான் ஓடவிட்டார். பெல்ட்டுக்கு இன்னொரு செத்த டெக்கைக் கழற்றினார். புது டெக் செய்த கடைசிக் கம்பனியான ஜப்பானின் ஃபுனாய் 2016இலேயே நிறுத்திவிட்டது.

ஆகவே டெக்கைத் திருத்துவது படம் பார்க்க அல்ல, ஒரே தரம் ஓடவிட்டுக் கம்பியூட்டரில் ஏற்ற. எறியவும் வேண்டாம், உங்கட செத்த டெக் இன்னொருவரின் பெல்ட். தரம் 9 பிள்ளைகளிடம் கசட்டைக் காட்டினேன். "பென்சில் பெட்டியா சேர்?" என்றார்கள்.

எங்கட கசட்டில் வெட்டுப்பட்டது தொடக்கத்தில் வரும் பூப்படம்தான். வாப்பா வருவது நாற்பதாவது நிமிடத்தில். நேற்று உம்மா மூன்று தரம் போடச் சொன்னா.