எதிர் வீட்டு மாடியில டவர்... நம்ம ஜீனுக்கு ஆபத்தா?

முத்தியால்பேட்டை, லாஸ்பேட்டைனு புதுச்சேரியில வீடுகள் நெருக்கமா இருக்கிற ஏரியாக்கள் நிறைய. அங்கே ஒரு மாடியில செல்போன் டவர் ஏறினா, வாடகை ஒரு வீட்டுக்கு, பயம் தெருவுக்கே. 'கேன்சர் வருமா? பொறக்கப்போற குழந்தையோட ஜீன் மாறிடுமா?' இந்தப் பயத்துல எவ்வளவு உண்மை?

எக்ஸ்ரே கதிர் டி.என்.ஏ இழையை நேரடியா உடைக்கும். செல்போன் அலைகளுக்கு அந்த அளவு ஆற்றல் கிடையாது. உறுதியா நிரூபணமான விளைவு, உடல் திசுவை லேசா சூடாக்குறது மட்டும்தான். ஆனா, வேற வழியில மறைமுகமா டி.என்.ஏ-வைப் பாதிக்குமாங்கிற விவாதம் இன்னும் முடியல.

அதுக்கு ஒரு காரணம், மிசோரம்ல நடந்து 2017-ல வெளியான ஓர் ஆய்வு. டவர்ல இருந்து 80 மீட்டருக்குள்ள வசிக்கிற 40 பேரையும், 300 மீட்டருக்கு அப்பால் வசிக்கிற 40 பேரையும் ஒப்பிட்டாங்க. பக்கத்துல இருந்தவங்க ரத்த செல்கள்ல டி.என்.ஏ சேதத்தின் அடையாளங்கள் அதிகம். இத்தனைக்கும் அங்கே பதிவான கதிர்வீச்சு, அரசு வரம்பைவிட ரொம்பக் குறைவு.

அப்போ பயப்படணுமா? வெறும் 80 பேர்கிட்ட எடுத்த ரத்தத்தை வெச்சு, டவர்தான் காரணம்னு முடிவு செய்ய முடியாது. செல்கள் இப்படிப்பட்ட சேதத்தைப் பெரும்பாலும் தானே சரிசெஞ்சுக்கும். தவிர, ரத்த செல்லில் நடக்கிற மாற்றம் குழந்தைக்குப் போகாது. அதுக்கு விந்தணுவிலோ கருமுட்டையிலோ மாற்றம் நடந்திருக்கணும்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2011-ல இந்த அலைகளை 'புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை' பட்டியல்ல சேர்த்தது. அதே உலக சுகாதார நிறுவனத்துக்காக 63 ஆய்வுகளை அலசி 2024-ல வெளியான அறிக்கையோ, செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியலைன்னு சொன்னது. இந்தியா 2012-லயே டவர் கதிர்வீச்சு வரம்பை சர்வதேச அளவுல பத்துல ஒரு பங்காக் குறைச்சிடுச்சு.

இன்னொரு விஷயம், தூரம் இரண்டு மடங்கானா அலையின் வீரியம் நாலுல ஒரு பங்காகிடும். அதனால, டவரைவிட காதுல ஒட்டியிருக்கிற போன்தான் நமக்கு நெருக்கம். சிக்னல் குறைஞ்சா போன் இன்னும் சக்தியைக் கூட்டும். அந்த நேரத்துல இயர்போன் போட்டுப் பேசுறது நல்லது.

அதுக்காக தெருவின் கேள்வி தப்பில்லை. தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' தளத்துல உங்க ஏரியா டவர் விவரத்தைப் பார்க்கலாம். கட்டணம் கட்டி கதிர்வீச்சை அளக்கவும் கேட்கலாம். பயத்தைத் தீர்க்கிற அளவீட்டுக்கு பயப்படுறவங்களே ஏன் காசு கட்டணும்? டவர் ஏறின உடனே அளந்து, அந்த எண்ணைத் தெருவுலயே எழுதி வெச்சா பாதி வதந்தி அடங்கிடும்.