ஆயிரம் நாளில் முந்நூறு நாள்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் மலையேறி, இலுக்கும்புரவிலே இறங்கி, நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அப்பாலுள்ள பல்லேகமவை அடைகிறவர்கள், களுகங்கை நீர்த்தேக்கத்தின் பொருட்டுப் பழைய ஊரை விட்டுப் புதிய நகரத்திலே குடியேறிய மக்களையும், லக்கலைச் சரிவுகளிலே இன்றைக்கும் சேனை வெட்டிச் சோளமும் குரக்கனும் விதைக்கிற குடும்பங்களையும் காண்பார்கள். அரசாங்கம் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் இலவசமாக வழங்குகிற திரிபோஷ மாவிலே பெரும்பங்கு சோளமே. அந்தச் சோளம் விளைகிற மண்ணிலேயே, தன் சிசுவின் நிறை ஏறவில்லையே என்று ஒரு தாய் ஏங்க நேருமானால், அதைச் சாதாரண விஷயமாக எண்ணிக் கடந்துபோக நம்மால் இயலவில்லை.

1973ஆம் வருஷம் கெயார் நிறுவனத்தின் ஒத்துழைப்புடனும் அமெரிக்க உதவியுடனும் ஆரம்பமான திரிபோஷத் திட்டம் இந்நாட்டின் நற்காரியங்களுள் ஒன்று என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. சோளம், சோயா, பால்மா ஆகியவற்றோடு உயிர்ச்சத்துக்களும் கனிமங்களும் சேர்ந்த 750 கிராம் பொட்டலங்கள் இரண்டு, நாளொன்றுக்கு 50 கிராம் என்ற கணக்கிலே ஒருவருக்கு ஒரு மாதத்துக்குப் போதும். மழையென்றும் வெயிலென்றும் பாராமல் வீடு வீடாய்ச் சென்று தாயையும் சேயையும் விசாரிக்கிற குடும்பநல உத்தியோகத்தர்களின் சேவையோ எவ்வளவு போற்றினாலும் தகும்.

ஆனால் இத்திட்டத்தின் விதியிலே ஒரு குறை உண்டு. கர்ப்பவதிக்கும், பிரசவித்த முதல் ஆறு மாதங்களில் பாலூட்டும் தாய்க்கும் பொதுவாகக் கிடைக்கும் மா, ஆறு மாதம் கடந்த குழந்தைக்கோ நிறை குறைந்த பின்னரே கிடைக்கிறது. அதாவது, ஏழைக் குழந்தை முதலில் மெலிய வேண்டும். மெலிந்தது அதன் நிறை குறிக்கும் அட்டையிலே பதிவாக வேண்டும். அதற்குப் பின்னரே அரசாங்கத்தின் கை நீளும். இனி, அந்தப் பொட்டலம் வீட்டுக்கு வந்த பின் நடப்பதையும் சொல்ல வேண்டும். மூன்று பிள்ளைகள் பசித்திருக்கும் குடிசையிலே, ஒரு பிள்ளையை மாத்திரம் இருத்தி அதற்கு மட்டும் உருண்டை பிடித்துக் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டின் முகத்தையும் பாராதிருக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஆகவே ஒருவருக்கென்று அளந்த மா எல்லார் வாயிலும் பங்காகிறது. இதைத் தாயின் அறியாமை என்று கூறுவோருடன் நாம் உடன்படோம்; பங்கிட்டு உண்ணும் வீட்டை ஒற்றைக் குழந்தையாகக் கணக்கிட்டது திட்டத்தின் பிழை.

கருவுற்ற நாள் முதல் இரண்டாம் பிறந்த நாள் வரையிலான ஏறக்குறைய ஆயிரம் நாட்களிலேதான் ஒரு மனிதனின் உயரமும் மூளையின் விருத்தியும் பெரும்பாலும் நிர்ணயமாகின்றன என்று வைத்திய சாஸ்திரம் சொல்கிறது. 2015இல் கர்ப்பவதிகளுக்கு மாதம் 2,000 ரூபாயாக ஆரம்பித்து, பின்பு 4,500 ரூபாயாக உயர்ந்த போஷாக்குக் கொடுப்பனவோ பத்து மாதங்களுக்கே உரியது. ஆயிரம் நாளில் முந்நூறு நாளுக்கு மாத்திரம் பொறுப்பேற்று, மிகுந்த எழுநூறு நாளை வறுமையின் பொறுப்பிலே விடுவது என்ன நியாயம்? 2016ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பிலே, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் உயரம் குன்றியவர்கள் நாடு முழுவதிலும் 17 சதவீதம் என்றும், தோட்டப்புறத்தில் 32 சதவீதம் என்றும் தெரியவந்தது. மாத்தளையின் தோட்டங்களிலே லயன் அறைகளில் வளரும் நமது பிள்ளைகளும் இந்தக் கணக்கிலே அடங்கியவர்களே. அது 2022இன் பொருளாதார நெருக்கடிக்கு முந்திய நிலை. அவ்வருஷம் செப்டெம்பரிலே கொழும்பில் உணவு விலைகள் ஒரு வருஷத்துக்குள் 90 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தன.

அந்நெருக்கடி வேளையிலேதான் திரிபோஷவும் தடைப்பட்டது. 2021இல் இரசாயன உரத்தைத் திடீரெனத் தடை செய்ததனால் சோள விளைச்சல் வீழ்ந்தது; கிடைத்த சோளத்திலும் அஃப்லடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு மிகுந்திருந்தமையால், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான மா உற்பத்தி நின்றுபோயிற்று. நஞ்சு கலந்த மாவைக் குழந்தைக்குக் கொடாமல் நிறுத்தியது சரியே. ஆனால், அறுவடையான சோளம் ஈரம் உலராமல் கிடப்பதால் வளர்கிற பூஞ்சணத்தை, உலர்த்தும் இயந்திரமும் காற்றோட்டமான களஞ்சியமும் இருந்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். லக்கலை போன்ற பிரதேசங்களிலே அவற்றை அமைத்து, உலர்ந்த சோளத்தை உத்தரவாத விலைக்குக் கொள்வனவு செய்தால், விவசாயிக்கும் நன்மை, குழந்தைக்கும் நன்மை.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். உணவுக்கான மானியத்தையே முதலில் வெட்டலாமென்று 1953இல் அரிசி விலையை ஒரே தடவையில் 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியதன் பலன், ஹர்த்தாலும் ஒரு பிரதமரின் ராஜினாமாவுமாக முடிந்தது. சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளுக்குள் நின்று செலவைச் சுருக்குகிற இக்காலத்திலும், சுருக்கத்தகாத செலவு தாய்க்கும் சேய்க்குமான இந்தப் போஷாக்குச் செலவே என்பது நமது அபிப்பிராயம். அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலே, வறிய குடும்பத்துத் தாய்மாருக்குக் கொடுப்பனவைக் குழந்தையின் இரண்டாம் பிறந்த நாள் வரை நீட்டவும், அக்குடும்பத்துக் குழந்தைக்கு நிறை குறையுமுன்பே, ஆறாம் மாதம் முதல், வீட்டிலுள்ள சிறுவர்களின் தொகையையும் கணக்கிலெடுத்து மா வழங்கவும், அந்த மா பல்லேகம போன்ற தூரத்துக் கிளினிக்குகளுக்கு ஒரு மாதமும் தவறாமல் போய்ச் சேரவும் அரசாங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும்.