கயிறு கட்டிய கல்

ஜப்பானின் பழைய தலைநகரான கியோட்டோவில், கட்சுரா ஆற்றங்கரையில் ஓர் அரச மாளிகை உண்டு. அரச மாளிகை என்றதும் பொற்கூரையும் பளிங்குத் தூண்களும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன அல்லவா? அவற்றைத் தேடிச் சென்றால் ஏமாந்தே போவோம்! 17ஆம் நூற்றாண்டில் இளவரசர் தோஷிஹிதோ தொடங்கி, அவர் மைந்தர் தோஷிதாதா விரிவாக்கிய இம்மாளிகை, மரத்தாலும் மூங்கிலாலும் காகிதத்தாலும் ஆனது. ஆற்று வெள்ளத்திற்கு அஞ்சித் தரையை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். ஆற்றோர வேலிகூட, உயிருள்ள மூங்கிலை வளைத்துப் பின்னியதே.

இதைக் காண அனுமதி பெற வேண்டும். வழிகாட்டியுடன்தான் நடக்க வேண்டும். அறைகளுக்குள் நுழைய இயலாது. "இத்தனை கட்டுப்பாடு ஏன்?" என்று நாம் முணுமுணுப்பது இயல்பே. ஆனால் காகிதக் கதவுகளும் பாய் விரித்த தரையும் ஆயிரமாயிரம் பாதங்களைத் தாங்குமா? 1976 முதல் 1982 வரை முக்கியக் கட்டடங்களைப் பிரித்துப் பழுது பார்த்து மீண்டும் பொருத்திய உழைப்பை எண்ணினால், நம் முணுமுணுப்பு அடங்கிவிடும்.

இத்தகைய தோட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. கறுப்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டிய ஒரு சிறு கல்லைப் பாதையில் வைத்திருப்பார்கள். 'இதற்கு அப்பால் செல்லாதீர்' என்பது அதன் பொருள். ஒரு குழந்தைகூட அதைத் தாண்டிவிடலாம். எனினும் பண்புடையோர் தாண்டுவதில்லை.

குளக்கரையில் ஷோகின்தெய் என்னும் தேநீர் இல்லம் இருக்கிறது. புல் வேய்ந்த கூரை. உள்ளே நீலமும் வெண்மையுமாகக் கட்டம் போட்ட காகிதச் சுவர். அதன் தேநீர் அறையின் வாயில் மிகச் சிறியது. இளவரசரே வந்தாலும் குனிந்து, ஊர்ந்துதான் நுழைய வேண்டும்!

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டும். எல்லாத் தடைகளும் நல்லவை என்று நாம் சொல்ல வரவில்லை. பெண் என்பதற்காக மட்டும் "படித்தது போதும்" என்று போடப்படும் தடையும் உலகில் உண்டு. அது கயிறு கட்டிய கல் அன்று, சிறைச்சுவர். இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? அந்தத் தடை ஏதேனும் ஒரு நன்மையைக் காக்கிறதா? அதை விதித்தவரும் அதற்குப் பணிகிறாரா? இவ்விரு கேள்விகளுக்கும் 'ஆம்' என்று விடை கிடைத்தால் மகிழ்ந்து பணிவோம். இல்லையெனில் பணிவோடு, ஆனால் துணிவோடு, காரணம் கேட்போம்.

தோழியரே, குனிவது இழிவன்று. ஒருவர் மட்டும் குனிய, மற்றவர் நிமிர்ந்து நிற்பதே இழிவு!