எங்கிருந்து எண்ணுகிறீர்கள், சார்?

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை எந்தப் பள்ளி மைதானத்தில் கூடைப்பந்து நடந்தாலும், ஓரத்தில் நாலு பேர் நின்று "ஸ்டெப்ஸ்! ஸ்டெப்ஸ்!" என்று கத்துகிறார்கள். பந்தைப் பிடித்தபடி கூடுதலாக அடி வைத்துவிட்டார், அதாவது டிராவலிங் என்று அர்த்தம். பிள்ளையைக் கூட்டிவந்த அப்பா, பழைய மாணவர், சும்மா எட்டிப் பார்த்தவர், எல்லாருக்கும் எண்ணத் தெரியும். எங்கிருந்து எண்ண வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

ஓடிக்கொண்டே பந்தைப் பிடிக்கிறவருக்கு, பந்து கைக்குள் அடங்குகிற நேரத்தில் தரையில் இருக்கிற கால் கணக்கில் வராது. அதற்குப் பிறகு விழுவதுதான் ஒன்று, இரண்டு. உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபா இதை 2017 அக்டோபரிலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. நம் ஆட்களோ அந்த முதல் காலையும் சேர்த்து மூன்று என்கிறார்கள். சில நாள் விசில் வைத்திருப்பவரும் அவர்களோடு சேர்ந்து எண்ணிவிடுகிறார். இரண்டு முஷ்டியையும் ஒரு சுற்றுச் சுற்றினால் தீர்ந்தது. கூடையில் விழுந்த பந்துக்குப் பாயின்ட் கிடையாது, பந்து எதிரணிக்கு.

டிரிபிள் செய்துகொண்டு போகிற பையனைக்கூட விடுவதில்லை. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே அவன் நாலு அடி வைத்தாலும் தவறே இல்லை. பந்து கையில் தங்காதபோது எதற்கய்யா காலை எண்ணுகிறீர்கள்? பந்தோடு வழுக்கி விழுந்து, விழுந்த வேகத்தில் சறுக்கிப் போனாலும் குற்றமில்லை. பந்தைப் பிடித்தபடி உருண்டாலோ எழுந்தாலோதான் டிராவலிங். கடற்காற்று மணலை வாரிக் கொட்டுகிற சிமென்ட் தளத்தில் வழுக்காமல் ஆட முடியுமா?

அசல் டிராவலிங் எது தெரியுமா? நின்றபடி பந்தை வாங்கி, ஒரு பக்கம் போவதுபோல் பாவலா காட்டி, பந்தைத் தட்டுவதற்கு முன்பே பிவட் காலை, அதாவது ஊன்றி நிற்க வேண்டிய காலை, தூக்கிவிடுகிறார்களே, அது. ஆட்டத்துக்கு ஆட்டம் நடக்கிறது. ஓரத்தில் ஒரு சத்தம் கிடையாது. மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒற்றைக்காலில் நிற்கிற தவசி 1,300 வருஷத்துக்கும் மேலாகக் காலை மாற்றவில்லை. நம் பிள்ளைகளால் ஒரு நொடி ஊன்ற முடியவில்லை. அதே பிவட் காலை ஷாட் அடிக்கத் தூக்கலாம், திரும்ப ஊன்றுவதற்குள் பந்து கையை விட்டுப் போனால் சரி. அதற்கு மட்டும் தொண்டை கிழியக் கத்துவார்கள்.

1891-ல் ஸ்பிரிங்ஃபீல்டில் 13 விதிகள் எழுதிக் கூடைப்பந்தை உருவாக்கிய நெய்ஸ்மித், பந்தோடு ஓடக்கூடாது என்றார். நல்ல வேகத்தில் ஓடிவந்து பிடிக்கிறவருக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்றும் அதே விதியில் சேர்த்தார். அந்த மனுஷருக்கு அன்றே தெரிந்திருக்கிறது, ஓடுகிற உடம்பு பிரேக் போட்ட மாதிரி நிற்காது என்று. மேலக்கோட்டையூரில் விளையாட்டுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிற மாவட்டம் இது. முதலமைச்சர் கோப்பைக்குப் பிள்ளைகள் வெயிலில் பழகுகிறார்கள். ரூல் புத்தகத்தை ஒரு சாயங்காலம் உட்கார்ந்து படிக்க நமக்கு என்ன கேடு? அதில் டிராவலிங்குக்கு ஒதுக்கியிருப்பது ஒன்றிரண்டு பக்கம்தான்.

எங்கள் டீமில் ஒரு பெண் அருமையாக லே-அப் போடுவாள். வலது, இடது, எம்பல் என்று கால் சுத்தமாக விழும். கத்திக் கத்தியே அவளைப் பயமுறுத்திவிட்டார்கள். இப்போது முதல் அடியிலேயே பந்தை எறிந்துவிடுகிறாள். பந்து போர்டில் பட்டு வெளியே போகிறது. "ஏம்மா அவசரப்படறே, இன்னும் ஒரு ஸ்டெப் இருக்கே!" என்று ஓரத்திலிருந்து சத்தம் வருகிறது. "ஸ்டெப்ஸ்!" என்று கத்திய அதே மாமாதான்.