அளந்த அரிசியில் ஒரு பிடி

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலுடன் வகுப்புக்குள் நுழைந்ததும் நாம் ஒருவரையொருவர் கேட்கும் முதற் கேள்வி, "நீ எதை விட்டாய்?" என்பதே. ஒருத்தி சாக்லெட் என்பாள். மற்றொருத்தி தொலைக்காட்சி என்பாள். (விட்ட சாக்லெட்டையெல்லாம் டப்பாவில் சேர்த்துவைத்து, உயிர்ப்பு ஞாயிறன்று ஒன்றாகத் தின்று வயிற்றுவலியால் துடித்த தோழியும் உண்டு. பெயர் சொல்லமாட்டேன்.) அன்றையத் திருப்பலியில் வாசிக்கப்படும் மத்தேயு நற்செய்தியோ, தருமம், செபம், நோன்பு மூன்றையும் மறைவாகச் செய்யச் சொல்கிறது. அதைக் கேட்டு அரைமணி ஆவதற்குள் நாம் பட்டியல் வாசிக்கிறோம்!

முன்பெல்லாம் தவக்காலம் முழுவதும் ஒருசந்தி இருந்தார்களாம். 1966-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அவ்விதிகளைத் தளர்த்தினார். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும்தான் ஒருசந்தி நாட்கள்; அதுவும் 18 வயது நிரம்பியவர்களுக்கே. 14 வயது நிரம்பிய நமக்குச் சுத்தபோசனம் மட்டும் கடமை. ஆகவே மற்றதை நாமேதான் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தேடும்போது தவறியும் போகிறோம். நான் தவறினேன்.

சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் உண்டியல் தந்தார்கள். எந்த வகுப்பு எவ்வளவு சேர்த்தது என்று கரும்பலகையில் எழுதினார்கள். எங்கள் வகுப்பில் பணம் வாங்கிப் பெயர் குறிக்கும் பொறுப்பு எனக்கு. அப்பாவிடம் கேட்டு 200 ரூபாய் வாங்கிப் போட்டேன். பின்பெஞ்சுத் தோழி ஒருத்தி ஐந்து ரூபாய் நாணயத்தை நீட்டியபோது, "இவ்வளவுதானா?" என்று எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டேன். அவள் தலைகுனிந்து போய்விட்டாள். எங்கள் வகுப்புக்கு முதலிடம் கிடைத்தது. கைதட்டினார்கள்.

வீட்டில் பெருமையாகச் சொன்னபோது அப்பாயி கேட்டார்கள்: "அதுல உன்னோடது எவ்வளவு?"

அப்பாயி இளவயதில் தவக்காலம் முழுவதும் பிடியரிசி எடுத்துவைப்பார்களாம். உலைக்கு அளந்த அரிசியிலிருந்துதான் அந்தப் பிடியை எடுக்க வேண்டும். "மூட்டையிலிருந்து எடுத்தா அது தருமம், ஒறுத்தல் இல்ல. அளந்ததுல எடுத்தாத்தான் அன்னிக்கு நம்ம வயித்துல ஒரு பிடி குறையும்" என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. நான் கொடுத்தது மூட்டையிலிருந்து; அதுவும் அப்பாவின் மூட்டை! அந்தத் தோழி கொடுத்தது தன் தின்பண்டக் காசு என்று பிறகு அறிந்தேன். ஆலயக் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணை ஆண்டவர் சீடர்களுக்குக் காட்டியதை மாற்கு நற்செய்தியில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! மறைக்கல்வித் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

ஆகவே அருட்சகோதரியர் பொறுத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் ஒன்று கேட்கிறேன். கரும்பலகைக் கணக்கு வேண்டாம், பெயர்ப்பட்டியலும் வேண்டாம். உண்டியல் ஒரு மூலையில் இருக்கட்டும். யார் போட்டார்கள், யார் போடவில்லை என்பது யாருக்கும் தெரியவேண்டாம். "போட்டி இருந்தால்தானே அதிகம் சேரும், ஏழைகளுக்கு நல்லதுதானே?" என்று அண்ணன் வாதிடுகிறான். சேரும்தான். ஆனால் அப்பா கொடுக்க விரும்புவதை அப்பாவே பங்கு ஆலயத்தில் கொடுக்கலாமே. என் பெயரில் எதற்கு? நம் உண்டியலில் நாம் உண்ணாமல் விட்டதன் காசு மட்டும் விழட்டும். தொகை குறைந்தால் குறையட்டும்.

இவ்வாண்டு நான் இடைவேளைச் சமோசாவை விட்டேன். முதல் வாரம் அதன் வாசனையே பெரும் சோதனையாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. தோழியிடம் மன்னிப்புக் கேட்பதுதான் பழகவில்லை. நான்கு முறை அவள் பெஞ்சுவரை போய்த் திரும்பினேன். பெரிய வெள்ளிக்கு முந்திய வாரம்தான் கேட்டேன். "அதையா? அன்றைக்கே மறந்துவிட்டேன்" என்றாள். மறக்கவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் அன்று மதியம் தன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.