பாம்பைப் ‘பூச்சி’ என்னலாம், மருத்துவரிடம் வேண்டா

கொடிய நஞ்சுடைய பாம்புகளுள் ஒன்றுக்குத் தமிழில் ‘நல்ல பாம்பு’ என்று பெயர். ஜவ்வாது மலைச் சரிவில் மேயும் கன்னங்கரிய ஆடும் ‘வெள்ளாடு’தான். வீட்டை விட்டுப் போகிறவர் ‘வருகிறேன்’ என்று விடைபெறுகிறார். இனிப்பை விலக்கச் சொல்லும் நோய்க்குச் ‘சர்க்கரை’ என்று பெயர் வைத்தோம். உடலெங்கும் கொப்புளம் எழுப்பும் நோயை ‘அம்மை’ என்று தாயாகவே அழைக்கிறோம்.

இவற்றை எண்ணிச் சிரிக்கலாம். ஆயினும் இவற்றுட் சிலவற்றிற்கு இலக்கணமும் உண்டு. பவணந்தி முனிவரின் நன்னூல் ‘மங்கலம்’ என்றொரு வழக்கைக் கூறுகிறது. மங்கலமல்லாததை மங்கலச் சொல்லால் குறிப்பதே அது. செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். அச்சத்தையும் துயரத்தையும் சொல்லால் ஆற்றிக்கொள்ளும் பண்பு இது.

மருத்துவமனையிலோ முரண் தலைகீழாக நிற்கிறது. வெளியில் ‘பாசிட்டிவ்’ என்பது நற்சொல். பரிசோதனைத் தாளில் அச்சொல் வந்தால் பெரும்பாலும் தேடிய நோய் இருக்கிறதென்று பொருள். ‘நெகட்டிவ்’ என்று வந்தாலே மகிழ்கிறோம். தாளைக் கையில் கொடுப்பவர் அதன் பொருளையும் சொல்லித் தருவது கடமை. புரியாவிடில் கேட்பது உங்கள் உரிமை.

சிரிப்பு நிற்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. இரவில் பாம்பின் பெயரைச் சொல்லலாகாது என்று நம் ஊர்களில் அதனைப் ‘பூச்சி’ என்பர். அதே நாவால் மருத்துவரிடமும் ‘பூச்சி கடித்துவிட்டது’ என்றால், அவர் தேளையோ குளவியையோ எண்ணக்கூடும். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இராது. பல்தடமும் தெரியாமல் போகலாம். வலி குறைந்த கடியே உயிரைக் கவர்வது எத்துணைக் கொடிய முரண்! உறங்கி எழுந்தவருக்குக் காரணமின்றி வயிற்று வலியோ, இமை சரிதலோ, பேச்சுக் குழறலோ கண்டால் பாம்புக்கடியையும் ஐயுறுதல் வேண்டும். இறுகக் கட்டாமல், கீறாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவருக. பாம்பைத் தேடிப் பிடித்துவர வேண்டியதில்லை.

இங்கே இன்னொரு முரண் நமக்குத் துணை நிற்கிறது: நஞ்சுக்கு மருந்து நஞ்சிலிருந்தே பிறக்கிறது. சிறிதளவு நஞ்சைக் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தே முறிமருந்து செய்கின்றனர். அதற்கான நஞ்சைத் திரட்டுவோரில் முதன்மையானவர்கள், சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். முன்பு தோலுக்காகப் பாம்பு பிடித்த அம்மக்கள், 1978இல் தொடங்கப்பட்ட இச்சங்கத்தின் வழியே நஞ்சை எடுத்துவிட்டுப் பாம்பை மீண்டும் காட்டிலேயே விடுகின்றனர்.

மங்கலச் சொல் வீட்டில் வாழட்டும். துயருற்றோரை அது தேற்றட்டும். மருத்துவர் முன் மட்டும் பாம்பைப் பாம்பென்றே சொல்லுங்கள். மறைக்காமல் சொல்லும் அந்த ஒரு சொல்லே அப்போது உண்மையான மங்கலம்.