விருது மேடையில், படம் எங்கே?

வருஷா வருஷம் தில்லியில் தேசியத் திரைப்பட விருதுகளை அறிவிக்கிறார்கள். அறிவித்த மறுநாளே பத்திரிகைகள் கணக்குப் போடுகின்றன. தமிழுக்கு எத்தனை, மலையாளத்துக்கு எத்தனை, இந்திக்கு எத்தனை? யாருக்குக் கிடைத்தது, யாரை ஒதுக்கினார்கள்? இந்தச் சச்சரவு ஒரு வாரம் ஓடும். பிறகு அடங்கிவிடும்.

நம் கேள்வி அது அல்ல தோழர்களே. விருது கொடுத்தாயே, அந்தப் படத்தை மக்களுக்குக் காட்டினாயா? இதுதான் நம் கேள்வி.

இந்த விருது 1954-ல் தொடங்கியது. முதல் தங்கப் பதக்கம் 'ஷ்யாம்ச்சி ஆயி' என்ற மராத்திப் படத்துக்குப் போனது. 2024-ல் வழங்கிய விருதுகளில் தங்கத் தாமரைக்கு 3 லட்சம், வெள்ளித் தாமரைக்கு 2 லட்சம், தாதாசாகேப் பால்கே விருதுக்கு 15 லட்சம் என்று ரொக்கத்தை உயர்த்தினார்கள். உயர்த்தட்டும், கலைஞர்களுக்குக் கொடுப்பதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அது யார் பணம்? சோப்புக்கும் செருப்புக்கும் வரி கட்டுகிற நம் பணம்.

விருதின் நோக்கம் என்று அரசாங்கமே என்ன சொல்கிறது? ஒரு பகுதி மக்களின் வாழ்வையும் பண்பாட்டையும் மற்றப் பகுதி மக்கள் சினிமா வழியாகப் புரிந்துகொள்ள வேண்டும், அதனால் நாட்டின் ஒற்றுமை வளர வேண்டும் என்கிறது. நல்ல நோக்கம்தான். படத்தையே பார்க்காமல் எப்படிப் புரிந்துகொள்வது?

நம் கதைக்குத்தான் விருது

விருது வாங்கிய படங்களைப் பாருங்கள். வெற்றிமாறனின் 'விசாரணை' 2015-ஆம் ஆண்டுக்கான விருதில் சிறந்த தமிழ்ப் படம். துணை நடிகருக்கும் படத்தொகுப்புக்கும் சேர்த்து மூன்று விருது. கதை என்ன? பிழைப்புக்காகக் குண்டூர் போன தமிழ்த் தொழிலாளர்களைப் போலீஸ் பிடித்து, செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கிறது. மொழி தெரியாது, கேட்க நாதி கிடையாது. 'லாக்கப்' என்ற நாவலிலிருந்து எடுத்த படம் அது. நாவலை எழுதியவர் கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார். ஊர் விட்டு ஊர் போன ஒவ்வொரு தொழிலாளியின் வயிற்றிலும் இருக்கிற பயம்தான் அந்தப் படம்.

'காக்கா முட்டை' சிறந்த குழந்தைகள் படமாக விருது வாங்கியது. ரயில் தண்டவாள ஓரத்தில் சிந்திய கரியைப் பொறுக்கி விற்கும் குப்பத்துப் பிள்ளைகள் இருவரின் கதை அது.

1987-ல் வந்த 'நாயகன்' தூத்துக்குடியிலிருந்து ஓடிவந்து தாராவியில் வளர்ந்தவன் கதை. நடிப்புக்கும் ஒளிப்பதிவுக்கும் கலை இயக்கத்துக்கும் தேசிய விருது. அந்தத் தாராவியைப் பெரும்பாலும் சென்னையில் வீனஸ் ஸ்டுடியோவுக்குள் செட்டுப் போட்டு எடுத்தார்கள். தோட்டா தரணியின் உழைப்பு உயர்ந்தது, விருதுக்கு உரியது. ஆனால் சதுப்பு நிலத்தை மண் கொட்டி மேடாக்கி நிஜத் தாராவியைக் கட்டினார்களே, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தோல் தொழிலாளிகளும் மற்றவர்களும்? அவர்கள் பிள்ளைகள் இன்று 2000-ஆம் வருஷத்துக்கு முன்னால் குடியிருந்ததற்கு அத்தாட்சிக் காகிதம் தேடி அலைகிறார்கள்.

2007-ஆம் ஆண்டின் சிறந்த படம் என்று தங்கத் தாமரை வாங்கியது 'காஞ்சிவரம்'. ஊருக்கெல்லாம் பட்டு நெய்கிற நெசவாளி, பெற்ற மகளுக்கு ஒரு பட்டுச் சேலை கட்டிப் பார்க்க முடியாமல் தவிக்கிறான். விருதுப் படங்களின் நிலைமையும் இதுதான். கதை நம்முடையது, வரிப்பணம் நம்முடையது. துணி மட்டும் நம் வீட்டுக்கு வருவதில்லை.

அன்று இருந்த வழி

முன்பு ஒரு வழி இருந்தது. 1980-களில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூர்தர்ஷனின் தேசிய ஒளிபரப்பில் மாநில மொழிப் படங்கள் வந்தன. அவற்றில் பல விருது வாங்கிய படங்கள். தமிழ்ப் படம் வருகிற ஞாயிறு எப்போது என்று வெளிமாநிலக் குடும்பங்கள் காத்திருந்தன. தொலைக்காட்சி உள்ள ஒரு வீட்டில் பத்து வீட்டார் உட்கார்ந்தோம். கீழே ஓடும் எழுத்தைப் படித்துக்கொண்டு பக்கத்து வீட்டு மராத்திக்காரரும் பீகார்க்காரரும் பார்த்தார்கள். அடுத்த வாரம் அவர்கள் மொழிப் படத்தை நாம் பார்த்தோம். எந்த மேடைப் பேச்சும் இதைவிடப் பெரிய ஒருமைப்பாட்டைச் செய்ததில்லை.

இப்போது தில்லியிலும் கோவாவிலும் விழா நடத்தி விருதுப் படங்களைக் காட்டியிருக்கிறார்கள். பாஸ் வாங்கிப் போக மூட்டை தூக்குகிறவனுக்கு யார் லீவு கொடுப்பார்கள்?

"இப்போதுதான் எல்லாம் கைப்பேசியில் வருகிறதே" என்று சிலர் கேட்கிறார்கள். வருகிறது, மாதச் சந்தா கட்டினால். அதுவும் இன்று இருக்கும் படம் நாளை இருக்கும் என்று உறுதி இல்லை. ஒரே அறையில் ஆறு பேர் குடியிருக்கும் வீட்டில் ஆறு அங்குலத் திரையை யார் பார்ப்பது, யார் எட்டிப் பார்ப்பது?

பார்த்தால்தானே கேட்க முடியும்

2018-ல் விருது விழாவில் 11 பேருக்குத்தான் ஜனாதிபதி கையால் கொடுப்போம், மற்றவர்களுக்கு மந்திரி கொடுப்பார் என்றார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் விழாவைப் புறக்கணித்தார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் யார் கையால் வாங்குவது என்று நாடே பேசிய அந்த வாரத்தில், படம் யார் கண்ணுக்குப் போனது என்று ஒருவரும் பேசவில்லை.

2023-ல் தேசிய ஒருமைப்பாட்டுக்கான விருதை 'தி காஷ்மீர் ஃபைல்ஸ்' படத்துக்குக் கொடுத்தார்கள். போலீஸ் காவலில் செத்த இருளர் தொழிலாளிக்கு நீதி கேட்ட 'ஜெய் பீம்' படத்துக்கு ஒரு விருதும் இல்லை. இது என்ன நியாயம் என்று நாம் கேட்கிறோம். இரண்டு படத்தையும் ஜனங்கள் பார்த்திருந்தால் கோடிப் பேர் கேட்டிருப்பார்கள். பார்க்காத படத்துக்கு நடுவர்கள் சொன்னதே தீர்ப்பு. நம் கண்ணை மறைத்தால் அவர்களுக்கு லாபம்.

மாநில அரசின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2009 முதல் 2014 வரையிலான திரைப்பட விருதுகளையும், 2009 முதல் 2013 வரையிலான சின்னத்திரை விருதுகளையும் 2022 செப்டம்பரில்தான் வழங்கினார்கள். இரண்டு கட்சி ஆட்சிக்கும் இதில் பங்கு உண்டு. ரயில் கால் மணி தாமதமானால் நாங்கள் காரணம் எழுத வேண்டும். 13 வருஷத் தாமதத்துக்கு யார் காரணம் எழுதினார்கள்?

நம் கோரிக்கைகள்

1. விருது பெறும் ஒவ்வொரு படத்தையும் ஓராண்டுக்குள் தூர்தர்ஷனில், ஞாயிறு பகலில், பிற மொழி எழுத்தோடு ஒளிபரப்ப வேண்டும். தயாரிப்பாளருக்கு நியாயமான தொகை கொடுக்கட்டும். விருதுக்கு விண்ணப்பிக்கும்போதே இதை நிபந்தனை ஆக்கட்டும். மாதக் கட்டணம் இல்லாத ஃப்ரீ டிஷ் அரசாங்கத்தின் கையில்தானே இருக்கிறது?

2. ரயில்வே இன்ஸ்டிட்யூட்டுகளிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் சங்க மண்டபங்களிலும் விருதுப் படங்களை இலவசமாகத் திரையிட அனுமதி வேண்டும்.

3. தமிழக அரசு ஒவ்வோர் ஆண்டின் விருதையும் அடுத்த ஆண்டே வழங்க வேண்டும். அந்தப் படங்களை வெளிமாநிலத் தமிழர் அமைப்புகளுக்குக் கொடுக்க வேண்டும்.

இந்த மூன்றையும் தபால் கார்டில் எழுதி, வீட்டுக்கு ஒரு கார்டு வீதம் தகவல் ஒலிபரப்பு மந்திரிக்கு அனுப்புவோம். எழுதத் தெரியாத தாய்மார்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். நம்மைப் பற்றிய படத்தை நம் கண்ணால் பார்ப்பது சலுகை அல்ல, நாம் ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கிய பண்டம். அதைத்தான் கேட்கிறோம்.